மூளையிற் புதுக்கலங்கள்: ஒரு கருத்தின் வரலாறு

யாழ்ப்பாணத்துத் தமிழுக்கும் உடற்கூற்று நூலுக்கும் உள்ள உறவு நெடியது. மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் தமிழில் வெளிவந்தது. மறு ஆண்டே இத்தாலியிற் கொல்கி என்பார், நரம்புக்கலத்தை முழுவடிவிற் காட்டும் சாயமுறையை வெளியிட்டார். அம்முறையைத் திருத்திக் கையாண்ட ஸ்பானிய அறிஞர் காஹால், வளர்ந்த மூளையில் அழிவுண்டு, ஆக்கமில்லை என்று 1913-14 இல் வெளியிட்ட நூலில் முடிவுகூறினார். அவர் பெருமை நோக்கி உலகம் அதனை ஏற்றது.

அமெரிக்காவில் யோசப் ஆல்ற்மன் 1962 இல் இம்முடிபை ஐயுற்றார். பிரியுங் கலத்தின் மரபுப்பொருளிற் சேரும் கதிர்த்தொழிற்பாடுள்ள தைமிடீனை எலிகளுக்குச் செலுத்தி, அவரும் கோபால் தாஸ் என்பாரும் 1965 இல், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியிற் பிறப்பின் பின்னும் புதுக்கலங்கள் தோன்றுதலைக் காட்டினர். எனினும் அறிஞருலகம் நெடுங்காலம் செவிசாய்த்திலது. 1983 இல் கோல்ட்மன், நொட்டெபோம் என்போர் வளர்ந்த கனேரிப் பறவைகளின் மூளையிலும் இப்பிறப்பைக் கண்டபின்னரே கருத்து மாறத் தொடங்கிற்று.

இப்பிறப்பை ஆள்வது யாது? 1997 இல், பல்வகைப் பொருள்கள் நிறைந்த கூட்டில் வளர்ந்த சுண்டெலிகளிடம் புதுக்கலங்கள் மிகுதியாக எஞ்சின. 1999 இல், சக்கரத்தில் ஓடியவற்றிடமும் அவை பெருகின. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா குழுவினர், நோர்எபிநெப்ரின் என்னும் நரம்புப்பொருள் குன்றின் கலப்பிரிவுங் குன்றுமென 2002 இல் நிறுவினர்.

2012 இல் மேலும் நுட்பமான உண்மை வெளிப்பட்டது. அருகிலுள்ள தடைசெய்யும் நரம்புக்கலங்கள் ‘காபா’ என்னும் பொருளை வெளியிடுகின்றன. அவை முனைந்து தொழிற்படுங்கால் மூலக்கலங்கள் உறங்குகின்றன. அவை அடங்குங்கால் மூலக்கலங்கள் விழித்துப் பிரிகின்றன. 2013 இல், அதே சமிக்ஞை பிறந்த சேய்க்கலங்கள் பிழைத்தற்குத் துணையாதலும் அறியப்பட்டது. தாயை அடக்கும் கையே சேயைக் காக்கின்றது! மூளையின் தொழிற்பாடே மூளையை ஆக்குகின்றதென்பது இதனாற் பெறப்படும்.

மனிதரிடத்தும் இப்பிறப்பு உண்டென 1998 இல் எரிக்சன், கேஜ் முதலியோர் கண்டனர். ஆயினும் 2018 இல் வெளிவந்த ஆய்வுகளுள் ஒன்று குழவிப்பருவத்தின் பின் அது மிக அருகுமென்றது. மற்றொன்று முதுமையிலும் நிகழுமென்றது. வழக்கு இன்னும் தீரவில்லை.

மாணவர் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. காஹாலின் பெருமை பொய்யன்று. ஆயினும் அவர் பெருமையே சான்றாகி அரைநூற்றாண்டு வினாவைத் தடுத்தது. பெரியோரைப் போற்றுவோம், அவர் கூற்றையுஞ் சோதிப்போம்.