திராட்சையின் பின்னிருந்த முகங்கள்

திராட்சை அறுவடை என்றால் நமக்குக் காட்டப்படும் படங்களில் பழம் இருக்கும், சிரிப்பு இருக்கும், கூலி இருக்காது.

1965 செப்டம்பர் 8 அன்று, அறுவடை நேரத்தில், கலிபோர்னியாவின் டெலானோ பகுதித் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். லாரி இட்லியோங் தலைமை தாங்கினார். எட்டு நாள் கழித்து, சீசர் சாவேஸும் டோலரஸ் ஹுவெர்ட்டாவும் கட்டிய சங்கத்தின் மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். ஜான் லூயிஸ், ஜார்ஜ் பாலிஸ் போன்றவர்கள் போராட்டத்தின் உள்ளே நின்று படமெடுத்தார்கள். பழம் வாங்கும் நகரத்தவர்கள் அதைப் பறித்தவர்களின் முகங்களைப் பார்த்தார்கள். திராட்சைப் புறக்கணிப்பு நாடு முழுக்கப் பரவியது. 1970 ஜூலை 29 அன்று டெலானோ முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

ஆனால் உலகத்தின் நினைவில் நின்றது சாவேஸின் முகம். முதலில் வேலையை நிறுத்திய பிலிப்பினோ முதியவர்கள் வெகுகாலம் வரலாற்றின் ஓரத்திலேயே இருந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் போராட்டத்துக்குள்ளும் யார் முகம் முன்னால் வருகிறது என்பது அரசியல்தான்.

நாமும் கையில் செல்போனோடுதான் வயலுக்கும் சூளைக்கும் போகிறோம். படமெடுக்குமுன் அனுமதி கேட்போம். பெயரைப் போடலாமா, முகம் வெளியானால் வேலை போய்விடுமா என்று அவர்களிடமே கேட்போம். எடுத்த படத்தை முதலில் அவர்களுக்குக் காட்டுவோம்.