தேயிலை தெரியுது, ஆளைத்தான் காணோம்: லீவுல பாக்க சில படங்கள்

ஓகஸ்ட் லீவு வந்துருச்சு. மேற்கே மழை கொட்டுற இந்த மாசங்கள்ல எங்க ஊவாப் பக்கம் காய்ஞ்ச காத்துதான் அடிக்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் அடிக்கிற அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுத்த மணத்தைத் தருகிறது. கொழுந்து குறைவு, விலை கூட. கம்பஸ் மூடி வீட்டுக்கு வந்த எங்களுக்கோ இஸ்தோப்பில் உட்கார்ந்து போனை நோண்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. "என்னடா படம் பாக்கலாம்?" என்று குரூப்பில் கேட்டால் வழக்கமான பட்டியல்தான் வரும். அந்தப் பட்டியல் நமக்கு வேண்டாம். தேயிலைத் தோட்டத்தைத் திரையில் காட்டிய படங்களை வரிசையாகப் பார்த்தால் அதுவே ஒரு சரித்திரப் பாடம். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தராத பாடமும் கூட.

முதலில் 1934க்குப் போவோம். 'சோங் ஒஃப் சிலோன்'. எடுத்தவர் பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர், தயாரித்தவர் ஆவணப்பட உலகில் பெரிய பெயரான ஜோன் கிரியர்சன். காசு போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. அதாவது இது தேயிலை விற்க எடுத்த விளம்பரம்தான். ஆனால் விளம்பரம் மாதிரியே இருக்காது. நாற்பது நிமிடத்துக்குள், நான்கு பாகம். சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகர்களோடு தொடங்குகிறது. 1935இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. இன்றைக்கும் உலகத்துத் திரைப்படக் கல்லூரிகளில் போட்டுக் காட்டுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும், தாராளமாகப் பாருங்கள், அவ்வளவு அழகு.

அழகுக்குள் ஒரு சங்கதி இருக்கு. படத்தின் பின்னணியில் பேசுகிற குரல் கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டுடையது. அவர் வாசிப்பது ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து. கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாக இருந்து தப்பிப்போன அதே நொக்ஸ். அவர் எழுதிய காலத்தில் இங்கே தேயிலைத் தோட்டமும் இல்லை, கோப்பித் தோட்டமும் இல்லை. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியது 1820களில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867இல். ஆக, தேயிலைச் சபையின் காசில் எடுத்த படத்தின் வாசகத்தில் தேயிலைத் தொழிலாளிக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. கிடைக்கவும் வழியில்லை, வாசகமே நாம வர்றதுக்கு முந்தியது! மூன்றாம் பாகத்தில் சந்தை விலைகளும் கப்பல் ஓர்டர்களும் குரல்களாகக் கேட்கும், அதன்மேல் கொழுந்து எடுக்கிற கைகள் ஓடும். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சில விமர்சகர்கள் ரைட் அந்த இடத்தில் வியாபாரத்தைக் கிண்டல் பண்ணுகிறார் என்கிறார்கள். இருக்கலாம். ஆனாலும் கிண்டல் பண்ணுகிறவருக்கும் அந்தக் கைக்காரரின் பெயர் தேவைப்படவில்லை.

அந்தப் படம் வந்து ஆறே வருடத்தில், 1940இல், பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தாங்களே தெரிவுசெய்த ஒரு தொழிலாளர் சபையை அமைத்தார்கள். தோட்டத்துரை அந்தச் சபையோடு கலந்து பேசித்தான் காரியம் பார்ப்பேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதத்தையே தொழிலாளர்கள் பறித்துவிட்டார்கள். பின்னால் லங்கா சமசமாஜக் கட்சியின் சங்கம் இருந்தது. சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? துரை பங்களா இருக்கு, பெரட்டுக்களம் இருக்கு, துவக்கு இருக்கு. 86 வருடம் ஆகப்போகுது, இன்னும் யாரும் எடுக்கவில்லை.

எடுத்தது எதை? 1954இல் ஹொலிவூட்டின் பரமவுண்ட் கம்பனி 'எலிஃபண்ட் வோக்' எடுத்தது. எலிசபெத் டெய்லர் நாயகி. முதலில் விவியன் லீதான் இலங்கைக்கு வந்து நடித்தார். உடல்நலம் கெட்டுப் போனதால் டெய்லரைப் போட்டார்கள். தூரக் காட்சிகள் சிலவற்றில் தெரிவது இன்னமும் விவியன் லீதான், கூர்ந்து பார்த்தால் கண்டுபிடிக்கலாம், கூட்டமாகப் பார்க்கும்போது நல்ல விளையாட்டு. கதை என்னவென்றால் யானைகள் நடக்கிற தடத்தை மறித்துக் கட்டிய துரை பங்களா, துரையின் புதுப் பெண்சாதி, அவளுக்கும் இன்னொருவருக்கும் ஒரு இது. நடுவில் கொலரா வருகிறது. லயத்துச் சனங்கள் சாகிறார்கள். படம் அதைக் காட்டுவது நாயகியின் நல்ல மனசு நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. கடைசியில் யானைகள் பங்களாவை உடைத்து நாசம் பண்ணும்போது கைதட்டலாம் போல இருக்கும். இயக்குநர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இனி நம்ம ஆட்கள் எடுத்த படங்கள்.

இலங்கையின் முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொறொந்துவ', 1947. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், எடுத்தது மதுரையில். படங்களை இறக்கி ஓட்டிய பெரிய கம்பனிகளை உண்டாக்கியவர்களும் சிற்றம்பலம் கார்டினர், கே. குணரத்தினம் போன்ற தமிழர்கள்தான். ஆனால் இலங்கையில் ஒரு தமிழ்ப் படம் வர 1962 ஆனது. 'சமுதாயம்' என்ற 16 மில்லிமீட்டர் படம், இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். அடுத்த வருடம் 35 மில்லிமீட்டரில் முதல் படம். அதன் பெயர் 'தோட்டக்காரி'. இயக்கியவர் பி. எஸ். கிருஷ்ணகுமார்.

பெயரைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இந்த நாட்டில் முழு அளவுப் பிலிமில் எடுத்த முதல் தமிழ்ப் படம் யாழ்ப்பாணத்தைப் பற்றியதல்ல, கொழும்பைப் பற்றியதல்ல, தோட்டத்தைப் பற்றியது. 1963இல் அந்தத் தோட்டக்காரியும் அவள் சனமும் யார்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டவர்கள். அடுத்த வருடம், 1964 ஒக்டோபர் 30, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். போகிறவர்களிடமோ இருக்கிறவர்களிடமோ கேட்டுப் போட்ட கையெழுத்தல்ல. ஓட்டுப் போட உரிமையில்லாத ஒரு சனத்தின் பெயரைத் தியேட்டர் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. எங்கள் கூட்டத்தில் இந்தப் படத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்த்த இன்னொருவரையும் இதுவரை சந்திக்கவில்லை. தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' புத்தகத்தை எடுத்து வாசிப்பதுதான் இப்போதைக்கு வழி.

பார்க்காத படத்தைப் பட்டியலில் எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்பீர்கள். தேடட்டும் என்றுதான்.

அடுத்தது வீ. பி. கணேசன். மனோ கணேசனின் அப்பா என்றால் சட்டென்று புரியும். தொழிற்சங்கக்காரர். 1975இல் 'புதிய காற்று', 1978இல் 'நான் உங்கள் தோழன்', 1981இல் 'நாடு போற்ற வாழ்க' என்று மூன்று படம் தயாரித்து நடித்தார். 'புதிய காற்று' மலையகத் தொழிலாளரின் கதை. அது வந்த நேரத்தைப் பார்க்கவேண்டும். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். வயசானவர்களைக் கேட்டால் அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சிகூட அந்தக் காலத்தில் இங்கே வந்து லயங்களைப் படமெடுத்துப் போய், நீங்கள் குடிக்கிற தேத்தண்ணி எப்படி வருகிறது பாருங்கள் என்று தங்கள் நாட்டுக்குக் காட்டியது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் சுவீகரித்தது. துரை மாறினார், லயம் மாறவில்லை. அந்த வருடத்தில் ஒரு தொழிற்சங்கக்காரர் தானே கதாநாயகனாகிப் படமெடுக்கிறார்.

எம்ஜிஆர் பாணிதானே என்று நக்கலடிக்கலாம். தலைப்பைப் பாருங்களேன், 'நான் உங்கள் தோழன்'! அது உண்மைதான், அந்தக் காலத்தில் மலையகத்தில் யார் நாயகனானாலும் எம்ஜிஆர் நிழல் விழாமல் இருக்காது. ஆனால் எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. கூட்டத்தில் பேசுவது ஒரு சங்கத்தின் ஆளுக்கு மட்டும் கேட்கும், படம் என்றால் எந்தச் சங்கத்து ஆளும் டிக்கெட் எடுப்பான். அவர் அந்தக் கணக்கைத் தெரிந்துதான் போட்டிருப்பார் என்று நினைக்கிறோம்.

எழுபதுகளில் இத்தனை தமிழ்ப் படம் எப்படி வந்தது என்றால், 1972இல் அரசாங்கம் திரைப்படக் கூட்டுத்தாபனத்தை அமைத்து இறக்குமதியைத் தன் கையில் எடுத்தது. இந்தியப் படம் குறைந்தது, உள்ளூர்ப் படத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. 'குத்துவிளக்கு', 'கோமாளிகள்', 'வாடைக்காற்று' எல்லாம் அந்த இடத்தில் முளைத்தவை. 1977இல் தர்மசேன பத்திராஜ எடுத்த 'பொன்மணி' யாழ்ப்பாணத்துக் கதை, சீதனமும் சாதியும் பற்றியது. நம்ம கதை இல்லை என்றாலும் பாருங்கள், நிதானமான படம், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அதே 77இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்ததும் அந்த இடம் சுருங்கிப்போனது.

மிச்சத்தை 1983 முடித்துவைத்தது. ஜூலைக் கலவரத்தில் ஹேந்தலையில் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். தமிழன் சொத்து என்று எரித்ததில் சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்து சாம்பலாகின. ஜூலை 27 பதுளை நகரம் எரிந்தது. அதற்குப் பிறகு நீண்ட காலத்துக்கு இங்கே தமிழ்ப் படம் எடுக்கக் காசு போட யாருக்கும் மனசு வரவில்லை. பிலிம் என்பது போன் மெமரி மாதிரி இல்லை, நாலைந்து பிரதிதான் இருக்கும், பெட்டி எரிந்தால் படமே இல்லை. ஒரு சனம் தன்னைப் பற்றி எடுத்த கொஞ்சப் படமும் அப்படித்தான் கைநழுவிப் போனது. எங்கள் அப்பா அம்மா காலத்தில் திருவிழாவுக்கும் சடங்கு வீட்டுக்கும் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டினார்கள். மறுநாள் பெரட்டுக்குத் தூக்கக் கண்ணோடு போனார்கள். ஓட்டியதெல்லாம் சென்னைப் படம்.

சென்னைப் படத்திலும் தேயிலை உண்டு, பாட்டுக்கு ஆடுகிற பச்சையாக. அந்த வழக்கத்தை உடைத்தது 2013இல் பாலாவின் 'பரதேசி'. ஆனைமலைத் தோட்டங்களில் வேலைபார்த்த டொக்டர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல்தான் அடிப்படை. இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொடுத்தார். கங்காணி ஊருக்கு வந்து ஆசை காட்டுவது, நடந்தே போவது, வழியில் விழுந்தவரை விட்டுவிட்டுப் போவது, கணக்குத் தீராத கடன் எல்லாம் எங்கள் கொள்ளுப்பாட்டன் பாட்டி மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த கதைதான், இடம் மட்டும் வேறு. கடைசிக் காட்சியில் பாறைமேல் உட்கார்ந்து அதர்வா கத்தும்போது வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் கவனமாக இருங்கள். டொக்டர் வருகிற பகுதி மட்டும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. டேனியல் என்ற டொக்டர் தொழிலாளர் பக்கம் நின்று எழுதிய கதையில், படத்து டொக்டர் மதம் மாற்ற வந்தவராக ஆடிப் பாடுகிறார். படத்தைப் பார்த்துவிட்டு நாவலை வாசியுங்கள், முடிந்தால் நாவலை முதலில்.

எங்கள் தேர்வு என்றால் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). தயாரிப்பு விஜய் சேதுபதி, இசை இளையராஜா, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். சுமை தூக்கி மலையேறி இறங்குகிற ரங்கசாமிக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு துண்டு நிலம். முக்கால்வாசிப் படம் நடைதான். மழையில் சறுக்குகிற பாதை, மூச்சு வாங்குகிற இடம், டீக்கடை. கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்தில் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருப்பான். கமரா மேலே மேலே போகும், அவன் சின்னதாகிக்கொண்டே போவான். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு இன்னமும் நிற்கிற நமக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோதுதான் உலகத்துக் கமராக்கள் ஊவாவின் லயத்துப் பக்கம் திரும்பின. அதுவும் சில நாளைக்கு.

ஒரே ராத்திரியில் பார்ப்பதாக இருந்தால் 'சோங் ஒஃப் சிலோன்' முதலில், உடனே 'மேற்குத் தொடர்ச்சி மலை'. 'பரதேசி'யைத் தனியாக இன்னொரு நாளைக்கு வையுங்கள், இரண்டையும் சேர்த்தால் தாங்காது.

இன்னொரு வேலையும் இருக்கு. அந்தக் காலத்தில் படத்துக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், நோட்டீஸ் கொடுப்பார்கள். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல, ஹப்புத்தளை, எங்கே இருந்தாலும் சரி, வீட்டுத் தகரப்பெட்டியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். 'தோட்டக்காரி', 'புதிய காற்று' என்று ஏதாவது கையில் பட்டால் போனில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். தியேட்டரில் பார்த்த தாத்தாவோ அம்மாயியோ இருந்தால் பேசச் சொல்லி ரெக்கோர்ட் பண்ணுங்கள். கதை முழுசாக நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை, எந்தத் தியேட்டர், யாரோடு போனார்கள், டிக்கெட் எவ்வளவு, அன்றைக்கு யாருக்குப் பேர் விழவில்லை என்பதையாவது கேட்டு வையுங்கள்.