தாழ்வாரத்தில் ஓர் ஆள்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர்களின் பிறப்பில் ஒரு சபலம் உண்டு. கம்ப்யூட்டர் உலகத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய பெயர் ‘பானிக்’. பீதி என்று அர்த்தம். இயந்திரத்துக்கு ஏன் பீதி?

1960-களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யும், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும், பெல் ஆராய்ச்சிச்சாலையும் சேர்ந்து ‘மல்டிக்ஸ்’ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கின. கம்ப்யூட்டரில் மற்ற புரோகிராம்களை எல்லாம் கட்டி மேய்க்கும் எஜமான புரோகிராம் அது. 1969-இல் பெல் விலகிக்கொண்டது. அங்கிருந்த கென் தாம்ஸனும் டெனிஸ் ரிட்சியும் ‘யூனிக்ஸ்’ என்று சிறிதாக ஒன்றை எழுதினார்கள்.

மல்டிக்ஸில் உழைத்த டாம் வான் விளெக், தாம் எழுதுவதில் பாதி, பிழையிலிருந்து மீளும் வழிகளுக்கே போய்விடுகிறது என்று ரிட்சியிடம் சொன்னாராம். அதையெல்லாம் நாங்கள் விட்டுவிட்டோம் என்றாராம் ரிட்சி. பிழை வந்தால் ‘பானிக்’ என்ற பகுதி ஓடும், இயந்திரம் நின்றுவிடும், மறுபடி கிளப்பச் சொல்லித் தாழ்வாரத்தில் ஒரு குரல் கொடுத்தால் போயிற்று!

சோம்பேறித்தனம் என்று தோன்றும். எனக்கு அதில் நாணயமும் தெரிகிறது. தெரியாததைத் தெரிந்ததாகப் பாவித்து மேலே நடக்கவில்லை, நின்றுவிட்டது. குரலைக் கேட்கவும் ஆள் இருந்தார்.

பிழை நேர்ந்த பின் கூவுவது பானிக். நேருமுன்பே முணுமுணுப்பது கம்பைலரின் எச்சரிக்கை. மனிதன் எழுதியதை இயந்திர பாஷைக்கு மாற்றும் துபாஷிதான் கம்பைலர். துபாஷியும் மௌனம் சாதிப்பதுண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸில், 2009-இல் ஒரு விபரீதம் வெளிப்பட்டது. ஒரு முகவரியை உபயோகித்துவிட்டு, அது வெற்று முகவரியா என்று அப்புறம் சோதித்திருந்தார்கள். “முன்பே உபயோகித்தாயிற்றே, வெற்றாக இருக்காது” என்று தீர்மானித்த கம்பைலர், சத்தம் காட்டாமல் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. காவல்காரன் போன வாசலில் திருடன் நுழைய வழி பிறந்தது. அதன் பிறகு, இத்தகைய சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குக் கட்டளையிட்டார்கள்.

2021 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் இன்னும் கண்டிப்பானார்: எந்த எச்சரிக்கையும் இனிப் பிழையே, வந்தால் வேலை அங்கேயே நிற்கும்! ஆனால் லினக்ஸ் ஓடும் இயந்திரங்கள் எத்தனையோ விதம், கம்பைலர்களும் அப்படியே. பல இடங்களில் வேலை நின்றது. ஊர் முழுவதும் நாய் குரைத்தால் திருடன் புகுந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

சில நாட்களிலேயே விதி தளர்ந்தது. சோதனைக்காக உருவாக்கும்போது மட்டும் கண்டிப்பு தானாக அமலாகும். மற்றவர்களுக்கு அவரவர் விருப்பம். சோதிக்கிறவர் காதில் விழட்டும், உபயோகிக்கிறவர் வேலை கெட வேண்டாம் என்ற சமரசம். தாழ்வாரத்தில் ஆள் நிற்கும் இடம் பார்த்துத்தான் குரல் கொடுக்கவேண்டியிருக்கிறது.