நாணயக் கரப்பானும் ஒவ்வாமையும்: மூன்று பெயர்களின் வரலாறு

தோல் நோய்களின் பெயர்கள் ஒரே காலத்தில், ஒரே அளவுகோலால் இடப்பட்டவை அல்ல. நாணய வடிவக் கரப்பான் இதற்குத் தக்க சான்று. 1857இல் பிரெஞ்சு மருத்துவர் டெவெர்ஜி இந்நோயை விவரித்தபோது அவருக்குப் புலனானது வடிவம் மட்டுமே: கை கால்களில் வட்டமாகத் தோன்றி, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, கடுமையாக அரிக்கும் திட்டுகள். ‘நம்முலர் எக்ஸிமா’ என்னும் பெயரின் வேர், சிறு நாணயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். நோயின் காரணம் பற்றி அப்பெயர் எதுவும் சொல்வதில்லை.

‘அலர்ஜி’ என்ற சொல் பிறந்ததே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான். 1906இல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, உடலின் மாறுபட்ட எதிர்வினையைக் குறிக்க அதனை உருவாக்கினார். ஆஸ்துமாவும் மகரந்தத்தால் வரும் தும்மலும் குடும்பவழித் தொடர்வதைச் சுட்ட, 1923இல் அமெரிக்காவின் கோகாவும் குக்கும் ‘அடோபி’ என்ற சொல்லைப் புகுத்தினர். கிரேக்க மொழியறிஞர் எட்வர்ட் பெர்ரி எடுத்துக்கொடுத்த அச்சொல்லுக்கு ‘இடம் பொருந்தாமை’ என்று பொருள். 1933இல் வைஸும் சல்ஸ்பெர்கரும் ‘அடோபிக் டெர்மடைடிஸ்’ எனத் தோல் நோய்க்கும் அதனை விரித்தனர். வடிவத்தால் பெயர்பெற்ற பழைய நோய், உடலியல்பால் பெயர்பெற்ற புதிய நோய்க்கு உறவா என்ற கேள்வியை அதன் பின்னரே இச்சொற்களில் கேட்க இயன்றது.

1960களின் பிற்பகுதியில் ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது. அவ்வுறவை அளந்து பார்க்கவும் வழி பிறந்தது. குழந்தைகளிடம் அடோபிக் கரப்பானே சில வேளை நாணய வடிவம் கொள்கிறது. வயது வந்தோரில் பலரிடமோ குடும்ப வரலாறும் இல்லை, ஐ.ஜி.ஈ. உயர்வும் இல்லை, தோல் வறட்சியே முன்னிற்கிறது. அதனால் ஒவ்வாமைக்கு இடமே இல்லை என்றும் ஆகாது. 1895இல் யாடாசோன் அறிமுகப்படுத்திய ஒட்டுச் சோதனையைச் செய்தால், நோயாளிகளில் கணிசமானோரிடம் நிக்கல், குரோமேட் போன்றவற்றுக்குத் தொடுகை ஒவ்வாமை வெளிப்படுகிறது. இது ஐ.ஜி.ஈ. வழி வருவதன்று; டி செல்கள் வழியாக, இரண்டொரு நாள் கழித்துத் தோன்றுவது.

தமிழில் ‘ஒவ்வாமை’ என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் சுமக்கிறது. விளைவு சொல்லோடு நின்றுவிடுவதில்லை. ‘அலர்ஜி’ என்று கேட்டவர் கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்குகிறார். அன்றாடம் தொடும் நிக்கல் பூச்சும், குரோமேட் கலந்த சிமென்ட்டும் அவர் ஐயத்துக்கு உள்ளாவதில்லை. வட்டத்தைக் கண்டு படர்தாமரை என மயங்கி, அதற்குரிய களிம்பையே மாதக்கணக்கில் தடவுவோரும் உண்டு. வடிவம் நோய்க்குப் பெயர் தரலாம். காரணத்தைச் சோதனைதான் காட்டும்.