மயிலைத் திருவிழாக்களும் அவற்றைத் தாங்கிய கைகளும்

தோற்றுவாய்

ஒரு நகரத்தின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் அதன் கோட்டை கொத்தளங்களையும் சிலாசாசனங்களையும் ஆராய்வது வழக்கம். அவை யாவும் வேண்டற்பாலனவே. ஆயினும், கல் பெயர்ந்தொழிந்த பின்னரும் பெயராது நிற்பது ஒன்றுண்டு. அஃது அவ்வூரார் ஆண்டுதோறும் எடுக்கும் திருவிழா. அரசு மாறும், கோயில் இடம் மாறும், வீதியின் பெயரும் மாறும். விழா நாளோ வானத்து மதியையும் நாண்மீனையும் பற்றி நிற்பதாகலின் தவறாது திரும்பி வரும். நாள்தான் தானாக வரும். விழா தானாக வாராது. செய்வார் உளராயின் நடக்கும், இலராயின் ஒழியும். இவ்வுண்மைக்கு இன்று சென்னை மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் மயிலாப்பூரினும் சிறந்த சான்று காண்டல் அரிது. ஆகலின், நமது சங்கத்து அங்கத்தினரும் அவர்தம் இல்லத்தாரும் அறியும்பொருட்டு அவ்வூர் விழாக்களின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பழைய துறைமுகமும் பழைய விழாக்களும்

மயிலை மிகப் பழைய கடற்றுறை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் யவன ஆசிரியர் குறித்த ‘மலியார்பா’ என்னும் துறை இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனை மல்லைக்கும் மயிலைக்கும் உரிய காவலனாக நந்திக் கலம்பகம் போற்றுகின்றது. கலம் வந்து தங்கும் துறையிலே வணிகரும் பரதவரும் தொழிலாளரும் வந்து கூடுவர். கூடியவர்க்குப் பொதுவாயமைவது விழா.

ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் இவ்வூர்க்கு எழுந்தருளிய வரலாறு யாவரும் அறிந்ததே. மயிலை வணிகர் சிவநேசர்க்கு மகளாய்ப் பிறந்த பூம்பாவை அரவு தீண்டி இறந்தாள். தந்தையார் அவள் என்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் காத்திருந்தார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, அப்பெண் உயிர் பெற்றெழுந்தாள் என்று சேக்கிழார் கூறுவர். பக்தியுடையார்க்கு இஃது அற்புதம். சரித்திரம் பயில்வோர்க்கு இப்பதிகம் வேறொரு வகையாலும் அரும்பொருள். இரண்டாந் திருமுறையிலுள்ள அப்பாட்டுக்கள் பத்தும் மயிலையில் நிகழ்ந்த பத்து நிகழ்ச்சிகளைச் சுட்டி, அவற்றைக் காணாமற் செல்லுதல் தகுமோ என அப்பெண்ணை வினவுகின்றன. இறந்த மகளை மீட்டற்கு அவர் பொன்னையும் மணியையும் காட்டி அழைத்தாரல்லர்; ஊர்த் திருவிழாக்களைக் காட்டி அழைத்தார். வாழ்வின் சுவை எதில் இருப்பதாக அக்காலத்தார் கருதினர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

அப்பத்தினுள் முதற்கண் நிற்பது அடியார்க்கு அன்னம் படைத்தல். அடுத்து ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்பன மாத முறையே வருகின்றன. பின்னர் அட்டமி விழா, பொன்னூசல், பெருஞ்சாந்தி என்பன கூறப்படும். விளக்கேற்றுவோரும் பூசத்துக்கு நெய் பெய்து சோறு ஆக்குவோரும் மகளிரே. வேலேந்தும் வீரர் வாழும் சேரியும், அலை வந்துலாவும் கரையும், தென்னஞ்சோலையும் அப்பாட்டுக்களில் காட்சியளிக்கின்றன.

பருவமும் விழாவும்

இவ்வரிசை வெறும் நாட்கணக்கன்று. சோழமண்டலக் கரையில் மழை மிகுதியும் பெய்வது ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில். வடகிழக்குப் பருவக்காற்றே சென்னைக்கு ஆண்டு மழையிற் பெரும்பகுதியை அளிக்கின்றது. அக்காலத்தில் விழா பெரும்பாலும் உண்டியளவிலும் வீட்டு முற்றத்து விளக்களவிலும் நிற்கும். தை பிறந்தால் வானம் வெளுக்கும், குளம் நிறைந்திருக்கும். இன்று கபாலீச்சரத்துத் தெப்பவிழா தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் நிகழ்வது இப்பொருத்தம் பற்றியே நினைக்கத் தக்கது. மாசியில் கடல் அடங்கும்; அப்போது இறைவன் தீர்த்தவாரிக்குக் கடற்கரை எழுந்தருளுவன். பங்குனியில் வெயில் ஏறும், உழவும் ஓய்ந்திருக்கும், அப்போது ஊரே வீதிக்கு வரும்.

இன்னுமொன்று நோக்குக. கார்த்திகை, ஆதிரை, பூசம், மகம், உத்திரம் என்னும் நாண்மீன்கள் தத்தம் திங்களில் முழுமதியை ஒட்டியே வருவன. தெரு விளக்கில்லாக் காலத்திலே இரவு வீதியுலாவுக்கு நிலவே விளக்காயிற்று. பஞ்சாங்கம் கணித்தோர் வானையும் மண்ணையும் ஒருங்கே நோக்கினர் என்பது இதனாற் புலனாம்.

இவ்விழாக்களுள் சில இன்று சிறப்பிழந்தன. ஐப்பசி ஓணம் அவற்றுள் ஒன்று. மதுரையில் ஓணநாள் கொண்டாடப்பட்டதை மதுரைக் காஞ்சியும் கூறுகின்றது; பின்னாளில் தமிழ்நாட்டில் அது தேய, சேரநாடாகிய கேரளம் ஆவணித் திங்களில் அதனைப் பேணி வருகின்றது. விழா தேய்வதும் வளர்வதும் மக்கள் கையிலுள்ளன.

புகாரும் மயிலையும்

இவ்விடத்து மற்றொரு கடற்கரை நகரத்தை நினைத்தல் நலம். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திரவிழா 28 நாள் நடந்தது. நெடுமுடிக்கிள்ளி என்னும் சோழன் தன் மகனை இழந்த துயரால் அவ்விழாவை மறந்தான். அதனால் அந்நகரைக் கடல் கொண்டது என மணிமேகலை உரைக்கும். இதனை நிலவியல் உண்மையாகக் கொள்ள வேண்டுவதில்லை. விழா ஒழிந்த ஊர் ஊராகாது என்னும் பண்டையோர் கருத்தையே இக்கதை உணர்த்துவது. புகாரில் அவ்விழா அரசன் முன்னின்று நடத்தியது. அவன் மறக்கவே நின்றது.

மயிலையில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. பழைய கபாலீச்சரம் கடலோரத்தே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஏறத்தாழ 1522-ஆம் வருஷத்தை ஒட்டி, போர்ச்சுகீசியர் இக்கரையிற் குடியேறிச் சாந்தோம் என்னும் ஊரை அமைத்தனர். பழைய கோயில் அழிந்ததற்கு அவர்தம் கோட்டைப் பணி காரணம் என்பாரும், கடல் அரிப்புக் காரணம் என்பாரும் உளர். சாந்தோம் வட்டாரத்திற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுத் துணுக்குகள் அங்கிருந்த கட்டடங்கள் சிதைந்தமைக்குச் சான்றாகும். பின்பு கோயில் உள்ளே தள்ளி இப்போதுள்ள இடத்திற் கட்டப்பட்டது. அதன்முன் விளங்கும் பெரிய குளத்துக்கு நிலம் அளித்தவர் ஆர்க்காட்டு நவாபு என்பது ஊர்வழக்கு. கோயில் போயிற்று; கல் சிதறிற்று; ஆயினும் பங்குனி உத்திரம் போகவில்லை. விழாவைத் தாங்கியது கல்லன்று, கைகள் என்பது இதனால் விளங்கும்.

பங்குனிப் பெருவிழா

இன்று மயிலையின் தலையாய விழா பங்குனியில் 10 நாள் நிகழும் பிரம்மோற்சவம். ஊர்க்காவல் தெய்வமாகிய கோலவிழியம்மனுக்கு முதற்பூசை செய்த பின்னரே கொடியேறும். மூன்றாம் நாட் காலை அதிகார நந்தி. ஐந்தாம் நாள் இரவு இடப வாகனம். ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் அறுபத்து மூவர். பத்தாம் நாள் திருக்கல்யாணம். வெள்ளி அதிகார நந்தி 1917-ஆம் வருஷத்தில் ஒரு குடும்பத்தார் செய்தளித்தது. இவ்வாறே ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒவ்வொரு மண்டகப்படிக்கும் பின்னே ஒரு குடும்பமோ ஒரு மரபோ ஒரு தொழிற்கூட்டமோ நிற்கின்றது.

எட்டாம் நாட் காலையிலே பூம்பாவை உயிர்த்தெழுந்த வரலாறு நடித்துக் காட்டப்படும். விழாக்களைக் காட்டி ஒரு பெண்ணை உயிர்ப்பித்த கதையே விழாவினுள் ஒரு விழாவாயிற்று. பிற்பகலிலே நாயன்மார் அறுபத்து மூவரும் பல்லக்குகளில் மாட வீதிகளை வலம் வருவர். பங்குனி வெயிலிலே திரளும் பெருங்கூட்டத்துக்கு வீதிதோறும் நீர்மோரும் பானகமும் அன்னமும் வழங்குவார் பலர். சம்பந்தர் பதிகத்தில் முதலிடம் பெற்ற அன்னம்பாலித்தலே இன்றும் அவ்வீதிகளில் முதலிடம் பெறுகின்றது.

பல்லக்கும் வாயிலும்

அறுபத்து மூவர் யாவர்? வாயிலார் இம்மயிலையிலேயே தோன்றிய வேளாளர். கலியர் திருவொற்றியூர்ச் செக்குத் தொழிலாளர். அதிபத்தர் நாகைப் பரதவர். நாளும் பிடித்த மீனில் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டவர். திருநீலகண்டர் மட்கலம் வனைந்தவர், திருக்குறிப்புத்தொண்டர் ஆடை வெளுத்தவர், நேசர் நெசவாளர், ஆனாயர் ஆயர், கண்ணப்பர் வேடர், காரைக்காலம்மையார் வணிகர் குலத்தவர், சேரமான் பெருமாள் அரசர், சம்பந்தர் அந்தணர், திருநாளைப்போவார் புலையர் சேரியிற் பிறந்தவர். ஒரு பல்லக்கிலே சிலர் சேர்ந்து அமர்ந்து, ஒரே வீதியில், ஒரே நாளில், ஒரே இறைவன் உடன்வரச் செல்கின்றனர்.

ஒவ்வொரு மரபினரும் இவ்வரிசையில் தம் குலத்து அடியாரைத் தேடிக் கண்டு மகிழ்வது இயல்பே. அதனைக் குறை கூறுவார் இலர். ஆனால் நம் முன்னோர் காலத்திலே நிகழ்ந்த ஒரு முரண்பாட்டை மறைத்தல் சரித்திர நேர்மையாகாது. திருநாளைப்போவாரின் திருவுருவம் கோயிலினுள்ளிருந்து பல்லக்கேறிப் புறப்பட்டு வரும். அவர் பிறந்த குலத்தாரோ அவ்வாயிலைக் கடக்கும் உரிமையின்றி வீதியில் நின்று வணங்குவர். அடியாரைச் சுமந்தோம், அடியாரின் சுற்றத்தை நிறுத்தினோம். 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதையர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசமும், அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறிய சட்டமும் இத்தடையைத் தளர்த்தின. 1947-ஆம் வருஷத்துக் கோயில் நுழைவுச் சட்டம் அதனை அடியோடு நீக்கிற்று. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலே ஒரே நூலில் அமர்த்தியோரை நாம் ஒரே வாயிலில் விடுதற்கு 800 ஆண்டு ஆயின.

இவ்வழக்கு முற்றும் முடிந்ததென்று கருதற்க. கதவு திறந்த பின்னும் வடத்தின்மேலும் முதல் மரியாதையின்மேலும் பூசல் எழுவதுண்டு. சிவகங்கைச் சீமையிலுள்ள கண்டதேவியில் யார் யார் வடம் பிடிப்பது என்னும் பிணக்கினால் தேரோட்டம் பன்முறை தடைப்பட்டது; பல்லாண்டு நின்ற தேர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2024-ஆம் வருஷத்திலேதான் மீண்டும் ஓடிற்று. ஒரு குலத்தின் பெருமைக்காக நிறுத்தப்படும் தேர் எக்குலத்துக்கும் பெருமை தருவதன்று. புகாரில் அரசனது மறதியால் நின்ற விழா, இங்கே மக்களது வீறாப்பினால் நின்றது. இரண்டிலும் இழந்தது ஊர்.

நமது கடமை

2020-ஆம் வருஷப் பங்குனியிலே தொற்றுநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு நிலவிற்று. மாட வீதிகள் கூட்டமின்றி வெறுமையாயின. பின்னர் விழா மீண்டும் தளிர்த்தது. மீண்டும் பல்லக்குகள் புறப்பட்டன. செய்வார் உளராயினமையின் அது மீண்டது. இனியும் மீளுமோ என்பது நம் மக்களைப் பொறுத்தது.

ஆகவே நம்மவர் மூன்றனைக் கைக்கொள்வாராக. முதலாவது, பெரியோர் செய்துவைத்த தருமங்களின் பத்திரங்களும் கல்வெட்டுக்களும் வாய்மொழிச் செய்திகளும் இளைஞரால் படியெடுத்துக் காக்கப்படல் வேண்டும். எழுதி வையாத தருமம் இரண்டு தலைமுறையில் மறையும். இரண்டாவது, பந்தலின் அகலத்திலும் பெயர்ப்பலகையின் உயரத்திலும் செலவிடும் பொருளைக் குறைத்து, நீருக்கும் அன்னத்துக்கும், விழா முடிந்தபின் வீதியைத் துப்புரவு செய்வோர் கூலிக்கும், எஞ்சியதை ஏழை மாணாக்கர் கல்விக்கும் அளித்தல் வேண்டும். மூன்றாவது, முதல் மரியாதை நமக்கே என்று வழக்காடுதலை விடுத்து, வடத்தில் ஓரிடம் நமக்கு, அடுத்த இடம் அடுத்தவர்க்கு என்னும் முறையை நம் பிள்ளைகட்குக் கற்பித்தல் வேண்டும்.

தேர்வடம் நீளமானது; ஒரு குலத்தார் மட்டும் பற்றினால் அது தரையிற் கிடக்கும். பலர் பற்றினாலன்றி நிலையை விட்டுத் தேர் பெயராது. கோயில் பெயர்ந்தும் குன்றாத மயிலை விழா நமக்குக் கூறும் பாடம் இதுவே.