கொடிக்குப் பின்னால் ஒரு கூட்டம்: குழுச் சுற்றுலா பிறந்த கதை

1483ஆம் ஆண்டு. வெனிஸ் நகரில் புனித மாற்கு பேராலயத்தின் பெரிய வாசலுக்கு எதிரே, உயரமான கம்புகளில் இரண்டு கொடிகள் பறந்துகொண்டிருந்தன. இரண்டும் வெள்ளைத் துணி, நடுவே சிவப்புச் சிலுவை. ஒரு கொடியின் கீழே அகொஸ்தீனோ கொந்தாரினி என்ற கப்பல்காரரின் ஆட்கள். இன்னொன்றின் கீழே பியேத்ரோ லாண்டோவின் ஆட்கள். எருசலேமுக்குப் போக வந்த வெளியூர்க்காரர் யாராவது சதுக்கத்தில் தலைகாட்டினால் போதும், இரண்டு தரப்பும் வந்து சூழ்ந்துகொள்ளும். தங்கள் கப்பலைப் புகழ்வதோடு நிறுத்தமாட்டார்கள். எதிராளியையும் அவர் கப்பலையும் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். கோயம்பேட்டில் ஆம்னி பஸ்காரர்களிடம் கையைக் கொடுத்துவிட்டு மீண்டவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கப்பலைப் பார்க்க வந்தவர்களுக்குக் கிரீட் தீவு ஒயினும் அலெக்சாந்திரியா மிட்டாயும் கொடுத்து உபசரித்தார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஃபெலிக்ஸ் ஃபாப்ரி. ஜெர்மனியின் உல்ம் நகரத்து தொமினிக்கன் துறவி. நாலு பிரபுக்களுக்கு ஆன்மிகத் துணையாக வந்தவர். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எதையும் விடாமல் லத்தீனில் பெரிய புத்தகமாக எழுதிவிட்டார்.

குழுச் சுற்றுலா எப்போது பிறந்தது என்று கேட்டால் பொதுவாகக் கிடைக்கும் பதில் 1841, தாமஸ் குக், இங்கிலாந்து. அந்தக் கதைக்கும் வருகிறேன். ஆனால் ஒரே தொகையில் போக்குவரத்து, சாப்பாடு, கைடு, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் அடக்கி, முன்பின் தெரியாத நூறு பேரை ஒன்றாகக் கட்டி, வெளிநாட்டு ஊர்களையும் மடங்களையும் சுற்றிக்காட்டி, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிற தொழிலை வெனிஸ்காரர்கள் குக்குக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கரைத்துக் குடித்திருந்தார்கள் என்பதுதான் என் கட்சி.

ஃபாப்ரியின் குழு லாண்டோவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆளுக்கு நாற்பது டுக்காட் பொற்காசு. பாதி வெனிஸிலேயே அட்வான்ஸ், மீதி யாப்பா துறைமுகத்தில் இறங்கியதும். குறித்த நாட்களுக்குள் கப்பல் கிளம்பியாக வேண்டும். கடற்கொள்ளையரைச் சமாளிக்க ஆயுதங்கள் இருக்க வேண்டும். தினமும் இரண்டு வேளை சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றுக்கு ஒரு கோப்பை மால்வசியா ஒயின். பயணிகள் கொண்டுவரும் கோழிகளை அடைக்க இடம் தர வேண்டும். எருசலேமை ஆண்ட சுல்தானின் அதிகாரிகளுக்குக் கட்ட வேண்டிய வரி, கழுதை வாடகை எல்லாம் கப்பல்காரர் பொறுப்பு. யோர்தான் ஆற்றுக்குக் கட்டாயம் அழைத்துப்போக வேண்டும். வழியில் யாராவது செத்துப்போனால் அவர் உடைமைகளில் கப்பல்காரர் கைவைக்கக் கூடாது. இன்றைய டூர் ஒப்பந்தங்களில் கோழிக் கூண்டைத் தவிர மற்றதெல்லாம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

அரசும் சும்மா இல்லை. பயணிகளை ஏமாற்றினால் நகரத்தின் பெயர் கெடும், வரும்படி குறையும் என்று வெனிஸ் ஆட்சிக்குத் தெரியும். பதினாலாம் நூற்றாண்டிலேயே, வெளியூர்க்காரர்களுக்கு விடுதி பார்த்துக்கொடுக்கவும், காசு மாற்றவும், கப்பல்காரரோடு பேரம் பேசவும் அதிகாரபூர்வமான கைடுகளை மாற்கு சதுக்கத்திலும் ரியால்தோவிலும் நிறுத்தியிருந்தார்கள்.

ஈட்டன் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1458இலும் 1462இலும் இந்த வழியாக எருசலேம் போய்வந்து, பின்னால் வருகிறவர்களுக்கு யோசனைகள் எழுதி வைத்தார். கப்பலின் மேல்தட்டில் இடம் பிடியுங்கள்; அடித்தளம் வெக்கையும் நாற்றமுமாக இருக்கும் என்கிறார். மாற்கு ஆலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்காரரைப் பற்றியும் சொல்கிறார். மெத்தை, தலையணை, விரிப்பு எல்லாம் சேர்ந்து மூன்று டுக்காட். திரும்பி வந்ததும் அதையே கிழிந்த நிலையில் கொடுத்தாலும் ஒன்றரை டுக்காட்டுக்கு எடுத்துக்கொள்வாராம். ஒரே மெத்தையில் எத்தனை வருஷம் எத்தனை பேர் எருசலேம் போய்வந்தார்களோ!

கப்பலின் உள்தட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தோள் அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். தலை கப்பல் சுவர்ப் பக்கம், கால் நடுவே. படுக்கிற நேரத்தில்தான் சண்டை. 'உன் பாய் என் இடத்தில் கிடக்கிறது' என்று ஆரம்பித்து ஊர்ப் பகை, மொழிப் பகை வரை போகும். சிலர் தூங்காமல் விளக்கு வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். அணைக்கச் சொல்லியும் கேட்கவில்லை என்றால், கோபக்காரர் யாராவது தன் மூத்திரச் சட்டியைத் தூக்கி விளக்கின்மேல் எறிவாராம். ஃபாப்ரி தாமே பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

யாப்பாவில் இறங்கியதும் பெயர் பதிவு, தலை எண்ணிக்கை. அது முடியும் வரை குப்பையும் கழிவும் நிறைந்த பழைய நிலவறைகளில் அடைந்து கிடக்க வேண்டும். அங்கிருந்து கழுதைமேல் ராம்லா. இனிமேல்தான் துறவிகள் வருகிறார்கள். எருசலேமில் சீயோன் மலையில் பிரான்சிஸ்கன் துறவியருக்கு மடம் இருந்தது. 1342இல் போப் ஆறாம் கிளமெண்ட் புனித இடங்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை முறைப்படி அவர்களுக்குக் கொடுத்திருந்தார். டூர் மேனேஜர் வேலை முழுக்க அவர்களுடையதுதான். மடத்தின் தலைவர் பயணிகளை உட்காரவைத்து விதிமுறைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஃபாப்ரியின் கணக்குப்படி இருபத்தேழு. தனியாக எங்கும் போகாதீர்கள். முஸ்லிம்களின் கல்லறைகளைத் தாண்டாதீர்கள். யாராவது அடித்தாலும் திருப்பி அடிக்காதீர்கள். கூட்டமாக நடக்கும்போது சிரித்துக் கும்மாளம் போடாதீர்கள்; தங்களைத்தான் கேலி செய்கிறீர்கள் என்று ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். பெண்களை உற்றுப் பார்க்காதீர்கள். புனித இடங்களிலிருந்து கல்லைப் பெயர்க்காதீர்கள். சுவரில் குடும்பச் சின்னம் வரையாதீர்கள்.

கடைசி இரண்டையும் யாரும் காதில் வாங்கவில்லை. இரவில் யாத்ரீகர்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவது திருக்கல்லறை ஆலயத்தின் வழக்கம். உள்ளே சிலர் அழுது ஜெபிக்க, பிரபுக்கள் சிலர் அங்கியைப் பரப்பி மறைத்துக்கொண்டு, உளியும் கையுமாகத் தங்கள் குலச்சின்னத்தைச் செதுக்கினார்கள். இன்னொரு பக்கம் கீழைக் கிறிஸ்தவ வியாபாரிகள் மெழுகுவத்தி, மணிகள், துணி என்று ஆலயத்துக்குள்ளேயே கடை பரப்பினார்கள். வெளியே எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1480இல் ஃபாப்ரி முதல்முறை வந்தபோது புனித நாட்டில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதே நாள். ஓட ஓட விரட்டினார்கள், எதையும் நின்று பார்க்க முடியவில்லை என்ற ஆற்றாமைதான் அவரை மறுபடி கிளம்ப வைத்தது. இரண்டாம் முறை சீனாய் பாலைவனத்தைக் கடந்து புனித கத்தரீனா மடம் வரை போய், கெய்ரோ, அலெக்சாந்திரியா வழியாகத் திரும்பினார். அந்த மடத்தின் உணவுக்கூடச் சுவர்களில் அக்கால ஐரோப்பியப் பயணிகள் செதுக்கிய பெயர்களும் சின்னங்களும் இன்றும் இருக்கின்றன.

என்னை அதிகம் ஈர்த்தவர்கள் பிரபுக்கள் அல்ல. ஃபாப்ரியின் இரண்டாம் பயணத்தில் ஃப்ளாண்டர்ஸ் நாட்டுத் தம்பதி ஒன்று கப்பலில் இருந்தது. கணவரைப் பற்றி யாருக்கும் குறையில்லை. மனைவியைத்தான் கப்பல் முழுக்க யாருக்கும் பிடிக்கவில்லை. காரணம்? அங்கும் இங்கும் ஓடுகிறாள், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்கிறாள். இதைக் குற்றமாக எழுதியவர் யார்? கப்பலின் கயிறு, பலகை முதல் சிறுநீர்ச் சட்டி வரை ஒன்றையும் விடாமல் பார்த்து எழுதிய அதே ஃபாப்ரி! அந்த அம்மாள் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால் நமக்கு இன்னொரு கதை கிடைத்திருக்கும். 1480 பயணத்திலும் இப்படித்தான். வயதான பெண்கள் ஆறு பேர் ஏறியதைப் பார்த்து, இந்தக் கிழவிகளோடு நாங்கள் வரமாட்டோம் என்று சில வீரப் பிரபுக்கள் முகம் சுளித்தார்கள். நடுக்கடலில் அந்த வீரர்கள் நோயில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அந்தக் கிழவிகள்தான். இதையும் ஃபாப்ரி மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பதினாறாம் நூற்றாண்டில் இந்தத் தொழில் தேய்ந்தது. லூத்தரின் சீர்திருத்தத்துக்குப் பிறகு வட ஐரோப்பாவில் யாத்திரைக்கே மதிப்புப் போயிற்று. கடலில் துருக்கியரோடு போர். அதன்பின் வெளிநாடு சுற்றுவது பணக்கார இளைஞர்களின் பாடமாயிற்று. ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பாரிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம் என்று வருஷக்கணக்கில் போய்வருவார்கள். அங்கே கூட்டமும் இல்லை, மனைவியும் இல்லை.

இப்போது குக். மரவேலைக்காரர், பாப்டிஸ்ட் சபைப் பிரசங்கி, மதுவிலக்குத் தொண்டர். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோ வரை, சுமார் ஐந்நூறு பேரை ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் அழைத்துப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். கூரையில்லாத பெட்டிகள், வாத்தியக் கோஷ்டி. ரயிலில் கூட்டமாக உல்லாசப் பயணம் போனதுகூட இது முதல்முறை அல்ல. முந்தைய வருஷமே லெஸ்டருக்கும் நாட்டிங்ஹாமுக்கும் இடையே தொழிலாளர் கல்விச் சங்கங்கள் போய்வந்திருந்தன. குக் செய்தது வேறு: விடாமல் தொடர்ந்து செய்தார். 1846இல் ஸ்காட்லாந்து, 1851இல் லண்டன் பொருட்காட்சி, 1855இல் கடல் கடந்து பெல்ஜியம், கொலோன், ரைன் நதி, பாரிஸ். அந்த 1855 பயணத்தில் நஷ்டம்தான். லெஸ்டரில் அவர் நடத்திய மது பரிமாறாத விடுதியைக் கவனித்துக்கொண்டவர் மனைவி மேரியான். தொழில் வரலாறுகளில் அவருக்கு அரைப் பத்திகூட ஒதுக்கமாட்டார்கள்.

வெனிஸில் இல்லாத ஒன்று குக்கின் குழுக்களில் இருந்தது. பாதிக்கு மேல் பெண்கள். அக்கால இங்கிலாந்தில் ஒரு ஆசிரியையோ கடைக்காரர் மகளோ தனியாக வெளிநாடு போனால் ஊர் பேசும்; குக்கோடு போனால் பேசாது. 1863 கோடையில் அவர் சுவிட்சர்லாந்துக்கு முதல் குழுவை நடத்தியபோது யார்க்‌ஷயரிலிருந்து ஜெமைமா மோரல் என்ற பெண் சேர்ந்தார். நாலு பெண்கள், மூன்று ஆண்கள் கொண்ட சிறு குழு. இரவு மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து, தரையில் புரளும் வளையப் பாவாடையோடு பனிப்பாறைகளைத் தாண்டினார்கள். லாய்கர்பாட் ஊர் வெந்நீர்க் குளத்தில் ஆணும் பெண்ணும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருக்க, எதிரே காபியும் செய்தித்தாளும் மிதக்கும் பலகைகளில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, கெம்மி கணவாயின் செங்குத்துப் பாதையில் ஏறினார்கள். நல்லவேளை, ஜெமைமா நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்த கட்டட இடிபாடுகளில் அது கிடைத்தது. பயணத்தின் நூற்றாண்டான 1963இல் அச்சாயிற்று.

பெரிய மனிதர்களுக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டால் ஆகவில்லை. இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் லீவர் 1865இல் புனைபெயரில் எழுதிய கட்டுரை வக்கிரமானது. ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளை இங்கிலாந்து அரசு குக்கின் மூலம் இத்தாலியில் கொண்டுவந்து கொட்டுகிறது என்று அங்கே ஒரு வதந்தியையே அவர் கிளப்பிவிட்டார். குக் தம் பத்திரிகையில் சூடாகப் பதில் எழுதினார். தொழிலும் வளர்ந்தது. 1868இல் விடுதிக்கு முன்கூட்டியே பணம் கட்டும் கூப்பன். சில வருஷங்களில், எந்த ஊரிலும் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொள்ளும் சீட்டு. டிராவலர்ஸ் செக்கின் முன்னோடி. 1886இல் இந்தியாவின் பிரிட்டிஷ் அரசு ஹஜ் யாத்ரீகர்களை பம்பாயிலிருந்து அனுப்பும் வேலையைக் குக் கம்பெனியிடம் கொடுத்தது. நஷ்டத்தை அரசு ஏற்கவில்லை என்று 1893இல் அவர்கள் கைகழுவினார்கள். லண்டன் கம்பெனி 2019 செப்டம்பரில் திவாலானபோது ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகளை அவர்கள் அரசு விமானம் ஏற்றி ஊர் சேர்த்தது. நம் ஊரில் அதே பெயரில் இருக்கும் நிறுவனம் அதற்கு முன்பே தனியாகப் பிரிந்தது. அது இன்றும் நடக்கிறது.

1869இல் குக் தம் குழுவை எருசலேமுக்கே அழைத்துப்போனார். நிலவறையில் அடைபட வேண்டியதில்லை. கூடாரம், கட்டில், விரிப்பு, ஆங்கிலேயச் சிற்றுண்டி எல்லாம் கோவேறு கழுதைகளில் முன்னால் போயின. எருசலேமிலிருந்து எரிகோ, சாக்கடல் பார்த்துவிட்டு பெத்லகேம் திரும்புகிறவர்கள் வழியில் மார் சாபா மடத்தில் நிற்பது அந்தக் கால வழக்கம். ஐந்தாம் நூற்றாண்டில் புனித சாபா தொடங்கிய, கிதரோன் பள்ளத்தாக்கின் பாறைச்சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடம். ஆண்கள் அறிமுகக் கடிதம் காட்டினால் உள்ளே விடுவார்கள். பெண்களுக்கு அனுமதி இல்லை; வெளியே அவர்களுக்கென்று தனியாக ஒரு கோபுரம். பேரரசியே வந்தாலும் அதோடு சரி.

இன்றும் அதுதான் விதி. கிழக்கத்திய மடங்களைச் சுற்றிக்காட்டும் குழுக்கள் அங்கே நிற்கும்போது கணவர் உள்ளே போகிறார். பாதிப் பணம் கட்டிய மனைவி வாசலில் நிற்கிறார். அரைமணி கழித்து வெளியே வருகிற கணவர், 'உள்ளே பெரிசா ஒண்ணும் இல்ல' என்று சொல்லாமல் இருந்தால் சரி.