சென்டோஸும் ஐஸ்கசியும்: ஒரு சேமிப்பக வரலாறு



ஒரு கணினியின் வன்தட்டை, வலையமைப்பின் வழியாக மற்றொரு கணினி தன் சொந்தத் தட்டினைப் போலவே பயன்படுத்த இயலும். இங்கே பகிரப்படுவது கோப்பு அன்று. தட்டின் வெறும் தொகுதிகள். இதற்குரிய நெறிமுறையே ஐஸ்கசி. அது லினக்சில் வேரூன்றிய வரலாற்றை இப்பதிவில் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

கணினியும் வன்தட்டும் பேசிக்கொள்ளும் ஸ்கசி மொழி 1986இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டது. அன்று அது குறுகிய கம்பிவடத்துக்குள் அடங்கியிருந்தது. பின்னர் வந்த ஃபைபர் சேனல் தொலைவைக் கடந்தது. ஆயினும் அதன் தனிக்கருவிகள் விலை மிக்கவை. அதே ஸ்கசி கட்டளைகளைச் சாதாரண வலையமைப்பில் அனுப்பும் முறையை 2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 வரையறுத்தது.

அதே 2004இல்தான் தன்னார்வலர்களின் சென்டோஸ் இயங்குதளமும் பிறந்தது. ரெட் ஹேட் நிறுவனம் வெளியிட்ட மூலநிரலைக் கொண்டு உருவான அது, இலவசமாகவே கிடைத்தது. 2011இல் வந்த சென்டோஸ் 6இல் டிஜிடி என்னும் கருவி சேமிப்பக இலக்குகளை அமைக்க உதவியது. அவ்வாண்டிலேயே லியோ என்னும் அமைப்பு லினக்ஸ் கருவகத்தில் இணைந்தது. 2014இல் வெளிவந்த சென்டோஸ் 7, டார்கெட்சிஎல்ஐ கட்டளையோடு அதனை ஏற்றுக்கொண்டது.

அமைக்கும் படிகள் இவை:

1. தட்டைப் பின்புலச் சேமிப்பாகப் பதிதல்.
2. இலக்குக்கு ஐக்யூஎன் பெயரிடுதல்.
3. தட்டுக்கு லுன் எண் வழங்குதல்.
4. அணுகத்தக்க கணினிகளை அனுமதிப் பட்டியலில் சேர்த்தல்.
5. தீச்சுவரில் 3260ஆம் வாயிலைத் திறத்தல்.
6. கணினி தொடங்கும்போதே டார்கெட் சேவையும் தொடங்கச் செய்தல். இதை விட்டுவிட்டால் மறுதொடக்கத்திற்குப் பின் இலக்கு காணாமற்போகும்.

இரு கணினிகள் ஒரே லுன்னில் எக்ஸ்எஃப்எஸ் போன்ற சாதாரணக் கோப்பு முறைமையை ஏற்றி எழுதினால் தரவு சிதைந்துவிடும். அனுமதிப் பட்டியலின் அருமை இதுவே.

ஐக்யூஎன் பெயரில் ஓர் ஆண்டும் மாதமும் இடம்பெறும். தலைகீழாக எழுதப்படும் களப்பெயர் அக்காலத்தில் யாரிடம் இருந்தது என்பதை அது சுட்டும். களப்பெயர் பின்னாளில் கைமாறினாலும் பெயர்க்குழப்பம் நேராது. நிறுவனங்கள் மறையலாம், தரவு நிலைக்கவேண்டும் என்று எண்ணியோரின் ஏற்பாடாகவே இதை நான் காண்கிறேன்.

அத்தகைய மாற்றம் சென்டோஸுக்கே நேர்ந்தது. 2029 வரை நீடிக்குமென நம்பப்பட்ட சென்டோஸ் 8, 2021 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. சென்டோஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்தது. ஆயினும் 2021இல் தோன்றிய அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் அவ்விடத்தை நிரப்பின. அவற்றிலும் டார்கெட்சிஎல்ஐ கட்டளைகளே பயன்படுகின்றன.

பொருள்வளம் குறைந்த பள்ளிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: இலவசம் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தரமும் மூலநிரலும் பொதுவில் உள்ளனவா என்று பாருங்கள். பெயர் மறைந்தாலும் கற்ற வித்தை கைகொடுக்கும்.